இரட்டைக் கோட்டுக்குத் தகுதியுள்ளவர்கள்

குடிநீர் வாரியத்தின் இயக்குநர் தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தபோது குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அந்த ஊரில் அதற்கு முன்பும் எத்தனையோ தலைகளில் நுரை இருந்த நேரத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. அவற்றைப் பற்றி யாரும் விசாரணை நடத்தியதில்லை.

நடந்தது இதுதான். வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கணினி இருந்தது. அதில் 'அருவி' என்று ஒரு நிரல். எல்லோரும் ஆபரேட்டர் அண்ணன் என்று கூப்பிடும் ஐம்பத்தாறு வயதுக்காரர் தினமும் காலையில் அதன் முன் உட்காருவார். 'அருவி' என்று தட்டுவார். பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டு 'தெரு' என்று எழுதி, தெருவின் எண்ணைக் கொடுப்பார். இன்னொரு கோடு போட்டு 'நிமிடம்' என்று எழுதி, எவ்வளவு நேரம் என்று சொல்வார். அந்தத் தெருவின் வால்வு தானாகத் திறந்து, தானாக மூடிக்கொள்ளும். டீக்கடையில் போய் 'ஒரு டீ, சர்க்கரை வேண்டாம், ஸ்ட்ராங்கா' என்று சொல்கிறோமே, அதே விஷயம்தான். டீ என்பது கட்டளை. சர்க்கரை வேண்டாம் என்பதும் ஸ்ட்ராங் என்பதும் நம்முடைய விருப்பங்கள். கணினிக்காரர்களும் கோடு போட்டு எழுதும் அந்தச் சொற்களுக்கு விருப்பம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெயரால் வரப்போகும் வில்லங்கம் அப்போது யாருக்கும் தெரியாது.

பதினோரு வருஷம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. பிறகு, தெருக்களை எண்ணால் அழைப்பது பொதுமக்களை அவமதிப்பதாகும் என்று வாரியத்துக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. இனி பெயரால் மட்டுமே அழைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முதல் கட்டமாக நான்கு தெருக்களின் பெயர் மாறியது. அவற்றில் பதினேழாம் எண் தெரு, 'கிழக்கு இரண்டாம் தெரு' ஆயிற்று. மறுநாள் காலை ஆபரேட்டர் அண்ணன் சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினார்: -தெரு கிழக்கு இரண்டாம் தெரு -நிமிடம் நாற்பது.

இடைவெளி வந்தால் ஒரு சொல் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது அந்த நிரலின் சுபாவம். 'கிழக்கு' என்பதைத் தெருவின் பெயராக எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த 'இரண்டாம்' என்பது என்னவென்று அதற்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் பழக்கமும் அதற்கு இல்லை. அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு, ஊரின் கிழக்குப் பகுதி முழுவதையும் திறந்துவிட்டது. நாற்பது நிமிடம் என்ற இடம்வரை அது வரவே இல்லையாகையால் மூடவும் இல்லை. பதினொன்றரை மணிக்குப் பெரிய தொட்டி காலி. இயக்குநர் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் அது.

அன்று மாலையே ஆபரேட்டர் அண்ணனுக்கு மெமோ வந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: 'மேற்படிக் கட்டளையைத் தட்டச்சு செய்தது தாங்கள்தானா?' அவர் 'ஆம்' என்று எழுதிக் கொடுத்தார். 'தட்டியவரே பொறுப்பு' என்று கீழே எழுதி, அவரைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்தார்கள். எண்ணால் அழைப்பது தடை, பெயரால் அழைப்பது ஆபத்து என்பதால், மேற்கொண்டு முடிவெடுக்கும்வரை பெயர் மாறிய தெருக்களைத் திறக்கவே வேண்டாம் என்றும் ஓர் உத்தரவு போட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வரும்.

'அருவி'யைப் பராமரிக்க ஒரு வருட ஒப்பந்தத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். வயது முப்பத்தெட்டு. கிழக்கு இரண்டாம் தெருவில்தான் அவள் வீடு. கீழே அவள் கணவனின் பல் மருத்துவமனை, மூன்றாம் மாடியில் குடித்தனம். கணக்குப் போட்டால், அவள் பராமரிக்கும் நிரல்தான் அவள் வீட்டுக்கே தண்ணீர் வராமல் செய்திருந்தது.

மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேட்டர் அண்ணன் அவள் மேசைக்கு வந்தார்.

"நான் பேப்பர்ல இருந்ததத்தான் அடிச்சேம்மா. ஒரு எழுத்து விடல. நீயே பாரு."

"பாத்துட்டேண்ணே. தப்பு உங்க மேல இல்ல. இதுக்குப் புரியாதப்போ புரியலன்னு சொல்லத் தெரியல. அவ்வளவுதான்."

"அத அவங்ககிட்ட சொல்லேன்."

"இப்பவே சரி பண்ணிட்டே சொல்றேன்."

அன்று ஆபீஸ் முடிவதற்குள் எட்டு வரி எழுதினாள். தெருவின் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட்டால் போதும், நிரல் அதை ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். தெரியாத சொல் ஏதாவது வந்தால் ஒரு வால்வையும் தொடாமல், 'இந்தச் சொல் புரியவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். பரிசோதித்தாள். நன்றாக ஓடியது. தேதி போட்டுச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் செயற்பொறியாளர் அவள் கொடுத்த காகிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"புரியவில்லைன்னு சொல்லுமா?"

"ஆமா சார்."

"வாரியத்தோட ப்ரோகிராம், பொதுவுல, புரியவில்லைன்னு சொல்லுமா?"

"புரியலன்னா சொல்லும் சார்."

"இங்க பாருங்கம்மா. நான் இந்த வாரியத்துல இருபத்தியாறு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைகூட, யார்கிட்டயும், எனக்குப் புரியலன்னு நான் சொன்னதில்ல. என்னோட மேலதிகாரி சொன்னதில்ல. நேத்து வந்த மெஷின் சொல்லிடுமா?" காகிதத்தில் இருந்த வரிகளை விரலால் எண்ணினார். "அதுவும் எட்டே வரியில?"

வரிகளின் எண்ணிக்கைதான் அவரை அதிகமாகப் புண்படுத்தியது. அன்றிலிருந்து ஆபீசில் அவள் பெயர் எட்டு வரி அம்மா ஆகிவிட்டது. அடுத்த நாள் 'கட்டளை விருப்பங்களை முறைப்படுத்தும் உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது.

குழுவுக்குத் துணை இயக்குநர் தலைவர். பணியாளர் பிரிவு அலுவலரும் மொழி அலுவலரும் உறுப்பினர்கள். எட்டு வரி அம்மா 'அழைக்கும்போது மட்டும் பேச வேண்டியவர்' என்ற தகுதியில் சேர்க்கப்பட்டாள்.

முதல் கூட்டத்தில் குழுவின் பெயரைத் தாண்டிப் போக முடியவில்லை.

"விருப்பம், விருப்பம்னு போட்டிருக்கே, யாரோட விருப்பம்?" என்று கேட்டார் தலைவர்.

"கம்ப்யூட்டர்ல தட்டுறவங்களோடது சார்," என்றாள் எட்டு வரி அம்மா.

"ஆபரேட்டருக்கு விருப்பமா?" தலைவர் பணியாளர் பிரிவு அலுவலரைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம பணி விதிகள்ல அப்படி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார். ஆபரேட்டருக்குக் கடமை மட்டும்தான். விருப்பம் அதிகாரி நிலையில இருந்துதான் ஆரம்பிக்குது."

இதற்கு வழி என்ன என்று மூன்று மணி நேரம் யோசித்தார்கள். நிரல்களில் சில விருப்பங்களை ஒற்றைக் கோடு போட்டும் சிலவற்றை இரட்டைக் கோடு போட்டும் எழுதுவார்கள் என்று எட்டு வரி அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சுருக்கமாக எழுதினால் ஒன்று, முழுச் சொல்லாக எழுதினால் இரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. இரட்டைக் கோடு அதிகாரிகளுக்கு, ஒற்றைக் கோடு மற்றவர்களுக்கு என்று முடிவாயிற்று. இரட்டைக் கோடு போட்டவை விருப்பங்கள். ஒற்றைக் கோடு போட்டவை கடமைகள். கோட்டுக்குத் தகுதியுள்ளவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதில் பெயர் விடுபட்ட ஓர் உதவிப் பொறியாளர் இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் போனார்.

அடுத்து, எழுத்துகள். தெருவைக் குறிக்க 'தெ' என்ற எழுத்தை வைக்கலாம் என்று அவள் எழுதியிருந்தாள். 'தெ' தெற்கு மண்டல அலுவலகத்துக்கு வேண்டும் என்று கடிதம் வந்தது. 'த' தலைமை அலுவலகத்துக்குப் போனது. 'நி' நிர்வாகப் பிரிவுக்கு. ஆறு வாரங்களில் எல்லா எழுத்துகளும் போய்விட்டன. யாரும் விண்ணப்பிக்காத எழுத்துகள் இரண்டுதான் மிஞ்சின. தெருவுக்கு 'ங' கொடுத்தார்கள். நிமிடத்துக்கு 'ஞ' கொடுத்தார்கள்.

"தட்டுறவங்க ஞாபகம் வெச்சுக்குவாங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"தட்டுறவங்க எதுக்கும்மா ஞாபகம் வெச்சுக்கணும்?" என்றார் தலைவர் உண்மையான வியப்போடு.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, துளை போட்டு, கொப்பளிக்கச் சொல்லும் தொழிலில் இருப்பவனுக்குக் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லை என்றால் என்ன ஆகும்? அவள் கணவன் வருகிறவர்களிடம், "வரும்போது ஒரு பாட்டில் தண்ணி கொண்டுவந்துடுங்க" என்று போனிலேயே சொல்ல ஆரம்பித்தான். பாதிப் பேர் தண்ணீரோடு வந்தார்கள். மீதிப் பேர் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போனார்கள்.

"ஒரு கோடு போடறதா, ரெண்டு கோடு போடறதான்னா அஞ்சு மாசமா பேசறீங்க?" என்றான் ஒரு நாள், இரண்டு குடங்களோடு மூன்றாம் மாடி ஏறி வந்து மூச்சு வாங்கியபடி. "நான் இவ்வளவு நேரத்துல ஒரு ஊருக்கே பல்லு கட்டியிருப்பேன்."

"நான் எழுதி முடிச்சு அஞ்சு மாசம் ஆச்சு. அவங்க படிச்சு முடிக்கல."

"எட்டு வரியத்தானே?"

"எட்டு வரியத்தான்."

குடம் தூக்க அவனுக்கு ஓர் ஆள் துணையிருந்தார். ஆபரேட்டர் அண்ணன். பணிநீக்க விஷயத்தை அவர் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் மச்சானுக்குத் தெரியக் கூடாது. "அந்த ஆளு ஏற்கெனவே என்னப் பட்டன் தட்டுறவன்னுதான் சொல்லுவான். இப்ப அதுவும் போச்சுன்னு தெரிஞ்சா, செத்த வீட்டுக்கு வர்ற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து உக்காந்துருவான்." அதனால் தினமும் வழக்கமான நேரத்துக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, பல் மருத்துவமனையில் வந்து உட்கார்ந்துகொள்வார். லாரி வரும் நாளில் குடம் தூக்குவார். லாரி வராத நாளில் சங்கடப்படுவார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மருத்துவன் அவருடைய பற்களை ஒவ்வொன்றாகச் சரி பார்க்க ஆரம்பித்தான். ஏழாவது மாதத்தில் ஊரிலேயே மிக ஒழுங்கான பற்கள் அவருடையவை.

ஒரு நாள் அந்தப் பற்களுக்கு நடுவிலிருந்து அவர் கேட்டார். "டாக்டர் தம்பி, நான் தப்பு பண்ணலன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"அப்ப ஏன்?"

 மருத்துவன் வாயை அகலமாகத் திறக்கச் சொன்னான்.

இதற்குள் குழுவில் புதிய சிக்கல். எட்டு வரி அம்மாவின் வீடு கிழக்கு இரண்டாம் தெருவில் இருப்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

"நீங்க இவ்வளவு அவசரப்படறது ஏன்னு இப்பத்தான் புரியுது," என்றார் தலைவர். "உங்களுக்குத் தண்ணி வேணும். அதானே?"

"எல்லாருக்கும் வேணும் சார்."

"எல்லாரும் குழுவுல இல்லையேம்மா."

பணியாளர் பிரிவு அலுவலர் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார். 'எனக்குக் குடிநீர் வேண்டும் என்ற தனிப்பட்ட நோக்கம் ஏதும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்' என்று இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சியாக இரண்டு பேர் போட்டார்கள். அவர்களுக்கும் மேசை மேல் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது. அவளுடைய டம்ளரை மட்டும், முறையாக இருக்காது என்று, எடுத்துக்கொண்டு போனார்கள்.

விருப்பங்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்ற பேச்சு அதற்கடுத்த கூட்டத்தில் எழுந்தது. எந்த வரிசையில் வந்தாலும் நிரல் புரிந்துகொள்ளும், எது முன்னால் வந்தாலும் பரவாயில்லை என்று அவள் சொன்னாள். 

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எது முன்னாடி வந்தாலும் பரவாயில்லையா? அப்ப நான் எதுக்கும்மா இருபத்தெட்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்?"

 பணிமூப்பு வரிசை என்று தீர்மானமாயிற்று. முதலில் இயக்குநர் அலுவலகத்தின் ஒப்புதல், பிறகு அதன் மேலொப்புதல், பிறகு மண்டலங்கள், பிரிவுகள் என்று பதினேழு இரட்டைக் கோட்டு விருப்பங்கள் வரும். அவை முடிந்தபின் தெரு. அதற்கும் பின்னால் நிமிடம்.

மொழி அலுவலர் அதுவரை பேசாமல் இருந்தவர். மேற்கோள் குறி என்ற சொல் காதில் விழுந்ததும் விழித்துக்கொண்டார்.

"தெருப் பெயருக்கு மேற்கோள் போடறதா? கூடவே கூடாது. ஒரு பெயர மேற்கோளுக்குள்ள போட்டா என்ன அர்த்தம்? அப்படி ஒண்ணு இருக்கறதா சிலர் சொல்றாங்க, நமக்கு நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். 'பெரிய மனுஷர்'னு மேற்கோள் போட்டு உங்களப் பத்தி நான் எழுதினா ஒத்துக்குவீங்களா சார்?"

தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கோள் குறி தடை செய்யப்பட்டது.

"மேற்கோள் இல்லன்னா பேர் உடைஞ்சு போகும் சார்," என்றாள் அவள். "போன தடவ நடந்ததும் அதான். இரண்டாம்ங்கற சொல்லத் தனியாப் படிச்சுட்டு நிக்கும்."

"நிக்கட்டும்," என்றார் பணியாளர் பிரிவு அலுவலர். "நின்னா, யார் தட்டினாங்களோ அவங்களுக்கு அங்கேயே மெமோ அடிச்சுக் கொடுக்கணும். சஸ்பென்ஷன் ஆர்டரோட. வாசல் கதவு திறக்கற கார்டையும் அங்கேயே ரத்து பண்ணணும். போன தடவ ஆபரேட்டர் மேல நடவடிக்கை எடுக்க எனக்கு ஒரு நாள் முழுக்கப் போச்சு. இனிமே அந்தத் தாமதம் இருக்கக் கூடாது."

"எல்லாருக்குமா சார்? யார் தட்டினாலுமா?"

"விதின்னா எல்லாருக்கும்தான். விலக்கு எழுதினா, ஏன் எழுதினோம்னு தணிக்கைல கேப்பாங்க."

"எழுத்துல குடுத்துடுங்க சார். அப்படியே செஞ்சுடறேன்."

எழுத்தில் கொடுத்தார், 'புரியவில்லை' என்பதற்குப் பதிலாக 'வாரியத்தின் மாண்புக்கு ஒவ்வாதது' என்று வர வேண்டும் என்ற திருத்தத்தோடு. அவள் அப்படியே செய்தாள். மேற்கோள் இல்லாமல் பெயர் மாறிய எந்தத் தெருவையும் திறக்க முடியாது என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள். அது கோப்பின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சேர்க்கப்பட்டது. யாருமே அதுவரை நூறாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

உதவி என்று தட்டினால் விளக்கம் வர வேண்டும் என்பது இத்தகைய நிரல்களின் வழக்கம். வாரியத்தின் உதவிக் குறிப்பு அறுபத்தொரு பக்கம் வந்தது. முதல் ஒன்பது பக்கம் இயக்குநரின் அணிந்துரை. திரையில் படம் காட்ட வழியில்லாததால், நட்சத்திரக் குறிகளை அடுக்கி அவருடைய முகத்தை வரையச் சொன்னார்கள். மீசைக்கு மட்டும் நானூறு குறிகள் தேவைப்பட்டன. மீசை மெல்லியதாக இருக்கிறது என்று கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது.

ஏழாவது மாதக் கடைசியில் தொடக்க விழா. கட்டுப்பாட்டு அறைக்குப் புது வெள்ளை அடித்து, நாற்பத்திரண்டு நாற்காலி போட்டார்கள். புது ஆபரேட்டர் தட்டுவதாகத்தான் முதலில் ஏற்பாடு. ஆனால் இரட்டைக் கோடு இருக்கும் கட்டளையை ஆபரேட்டர் தட்டுவது தகுதி மீறல் என்று கடைசி நேரத்தில் தலைவருக்கு உறைத்தது. ஆகவே இயக்குநரே தட்டுவது என்று ஆயிற்று.

தட்டுவதற்கு முன் இயக்குநர் பேசினார்.

"நான் இந்த வாரியத்தில் சேர்ந்த காலத்தில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் விட ஒரே ஓர் ஆள் போதும். இன்று அதற்கு நாற்பத்திரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். வளர்ச்சி என்றால் இதுதான்." கைதட்டல். "தண்ணீர் வருகிறதா என்று சிலர் கேட்கிறார்கள். வருவதும் வராததும் இயற்கையின் கையில் இருக்கிறது. ஆனால், வராத தண்ணீர் முறைப்படி வராமல் இருக்கிறதா? யாருடைய ஒப்புதலோடு வராமல் இருக்கிறது? அதைக் கவனிப்பதற்குத்தான் நாம் இருக்கிறோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் உட்கார்ந்து, தன் அடையாள எண்ணைக் கொடுத்து நிரலுக்குள் நுழைந்தார். தலைவர் பக்கத்தில் நின்று அட்டையிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இயக்குநர் வலது கையின் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். பதினேழு இரட்டைக் கோடுகள் முடியப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. பிறகு ஒற்றைக் கோடு, ங. கிழக்கு. இடைவெளி. இரண்டாம். இடைவெளி. தெரு. ஒற்றைக் கோடு, ஞ. நாற்பது. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

வால்வு எதுவும் அசையவில்லை. மூலையிலிருந்த பிரிண்டர்தான் விழித்துக்கொண்டது. பாராட்டுப் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து, தலைவர் தாளை எடுத்து உரத்த குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"தாங்கள் இட்ட கட்டளையில் இடம்பெற்றுள்ள 'இரண்டாம்' என்ற சொல் வாரியத்தின் மாண்புக்கு ஒவ்வாதது. தட்டியவரே பொறுப்பு என்பதால், தாங்கள் இந்த நொடி முதல் தற்காலிகப்..." அங்கே நிறுத்தினார். ஆனால் நகல் அதற்குள் நாற்பத்திரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின.

"என்ன இது?" என்றார் இயக்குநர்.

 அவர் வேகமாக எழுந்து வாசலுக்குப் போய்க் கார்டைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு முறை காட்டினார். இன்னொரு முறை எரிந்தது.

"என்னய்யா, கதவத் திற!"

"வேற யாரோட கார்டுலயும் உங்கள விடக் கூடாது சார். நீங்க இப்ப சஸ்பென்ஷன்ல இருக்கீங்க," என்றார் பணியாளர் பிரிவு அலுவலர். "அத ரத்து பண்ணணும்னா இயக்குநர் கையெழுத்துப் போடணும்."

"நான்தானே இயக்குநர்!"

"சஸ்பென்ஷன்ல இருக்கறவங்க கையெழுத்துப் போடக் கூடாது சார். விதி. அந்த நேரத்துல பொறுப்பு துணை இயக்குநருக்குத் தானா வந்துடும்."

எல்லோரும் துணை இயக்குநரான தலைவரைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தவர் அவர். மெதுவாக நடந்து போய், மேடையில் இருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"கோப்பக் கொண்டு வாங்க," என்றார். "முழுசாப் படிக்காம நான் எதுலயும் முடிவெடுக்கறதில்ல."

கோப்பு வந்தது. அவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இயக்குநர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாகமாக இருக்கிறது என்றார். நிகழ்ச்சிக்கு வாங்கிய தண்ணீர் அதிகாரிகளுக்கு மட்டும் என்பதால், கொடுக்கலாமா என்று பணியாளர் பிரிவு அலுவலருக்குச் சந்தேகம் வந்தது. எட்டு வரி அம்மா தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

மூன்று மணி நேரம் கழித்துத் தலைவர் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தார். படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இதுல எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"இங்க வாங்க. ஒரு வழி சொல்லுங்க. இவர வெளிய விட்டுத்தான் ஆகணும். எனக்கே இடுப்பு வலிக்குது."

"தட்டினவர் பொறுப்பு இல்லன்னு ஒரு உத்தரவு போட்டா போதும் சார். ப்ரோகிராம் தானாத் திறந்துடும்."

"இயக்குநர் பொறுப்பு இல்லன்னு போட்டுடலாமா?"

பணியாளர் பிரிவு அலுவலர் குறுக்கிட்டார். "ஒருத்தருக்காகப் போட்ட மாதிரி இருக்கக் கூடாது சார். பொதுவா இருக்கணும். கட்டளை தட்டிய எவரும் பொறுப்பல்லன்னு போடணும்."

"சரி. எந்தத் தேதியில இருந்து? இன்னையில இருந்துன்னு போட்டா இவருக்காகத்தான்னு தெரிஞ்சுடுமே."

எட்டு வரி அம்மா கொஞ்சம் யோசிப்பது போல் நின்றாள்.

"வருஷத்தோட முதல் நாள்ல இருந்துன்னு போட்டா பாக்க நல்லா இருக்கும் சார்."

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்படியே போட்டார்கள். இந்த ஆண்டு தொடங்கியதிலிருந்து கட்டளை தட்டிய காரணத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்ட அனைவரும் மீண்டும் பணியில் சேர்க்கப்படுகிறார்கள். பச்சை விளக்கு எரிந்தது. இயக்குநர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். போகிற போக்கில் ஓர் உத்தரவைச் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பணியாளர் பிரிவு அலுவலர் ஓடிக்கொண்டே எழுதிக்கொண்டார்: குழு கலைக்கப்படுகிறது. குழு அமைக்கப்பட்டதற்கு முந்தைய நாள் 'அருவி' எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கு உடனே திருப்பிவிட வேண்டும்.

எட்டு வரி அம்மா தேதியைப் பார்த்தாள். குழு அமைக்கப்பட்டது, அவள் செயற்பொறியாளரைப் பார்த்ததற்கு அடுத்த நாள். எட்டு வரியைச் சேமித்தது, அவரைப் பார்த்ததற்கும் முந்தின நாள். உத்தரவின்படி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல், அந்த நிலைக்குத் திருப்பினாள். பதினேழு இரட்டைக் கோடுகளும் நானூறு குறி மீசையும் போன இடம் தெரியவில்லை. வேலை முடிய நான்கு நிமிடம் ஆயிற்று. கேட்க யாரும் இல்லாததால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அண்ணனிடம் உத்தரவின் நகலைக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, தன் பெயர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"பேரு போடலியே."

"பேரு போட்டிருந்தா வந்திருக்காதுண்ணே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருத்துவன், துளை போடும் கருவியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றான். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவர், என்ன செய்தி என்று சைகையால் கேட்டார்.

மறுநாள் காலை ஆபரேட்டர் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். அவருடைய மேசை மேல் புத்தம் புதிய மெமோ ஒன்று காத்திருந்தது. கடந்த ஏழு மாதங்களாக முன் அனுமதி இல்லாமல் பணிக்கு வராமல் இருந்ததற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்குமாறு பணியாளர் பிரிவு அலுவலர் கேட்டிருந்தார்.

எட்டு வரி அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது என்ன அநியாயம்ணே! நான் போய்க் கேக்கறேன்."

"இரும்மா." அவர் மெமோவை நிதானமாக நான்காக மடித்தார். கணினியின் முன் உட்கார்ந்து, நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். "இந்த மேற்கோள் குறி எந்தப் பக்கம் இருக்கு?"

அவள் காட்டினாள். அவர் தட்டினார். திரையில், கிழக்கு இரண்டாம் தெரு, நாற்பது நிமிடம், திறந்துவிட்டது என்று வந்தது. நம்பிக்கை வராமல் அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் கணவன் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் அவ்வளவு பலமாக இருந்தது.

"பதில் எழுத வேண்டாமாண்ணே?" என்றாள் போனை வைத்துவிட்டு.

"எழுதலாம், எழுதலாம். இன்னும் மூணு தெரு பாக்கி இருக்கு," என்றார் அவர்.